ஒற்றியூருக்கு நைனா கொண்டுபோன எண்ணெய்

திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவில் எழுந்த சுயம்பு. வருஷம் முழுக்கக் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். எங்கள் ஆயா அதை "சாமி சட்டை கழட்டுற நாள்" என்பார். அந்த நாளில் அவருடைய அப்பா அவரைத் தோளில் உட்காரவைத்துப் சென்னையில் பட்டாளம் என்ற எங்கள் பேட்டையிலிருந்து ஒற்றியூருக்கு நடந்தே கூட்டிப்போவாராம்.

அந்த அப்பாவை ஆயா 'நைனா' என்பார். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். நைனா பின்னி மில்லில் தறி ஓட்டியவர். வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. ஆயா சொன்னதும் பட்டாளத்துப் பெரிய மாமா சொன்னதும்தான் அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது. மதுராந்தகம் பக்கத்து ஊர், மழை பொய்த்த வருஷம் பிழைக்க வந்தவர், மில் சங்கு ஊதும் முன்பே எழுந்துவிடுவார். தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, கோயிலில்கூடக் கத்தித்தான் வேண்டுவாராம். அவர் என்ன கேட்டார் என்பது சாமிக்கு மட்டுமல்ல, வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடுமாம்.

பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் நடத்திய பக்தி சபைக்கும் நைனா போய் வந்தவர் என்று மாமா சொன்னார். மில் தொழிலாளிகள் பகவத் விஷயம் கேட்கக் கூடிய இடம் அது. 1918 ஏப்ரல் 27 அன்று ஹோம் ரூல் இயக்கத்தைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைவராக, திரு.வி.க.வும் துணை நிற்க, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததற்கு அங்கே கூடிய கூட்டமே வேர். சாமி கும்பிட வந்தவர்கள் கூலிக்கும் சேர்ந்து நின்றார்கள் என்று நினைக்கும்போதே எனக்கு மெய்சிலிர்க்கிறது.

1921-ல் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. கூலி இல்லை. ஆயா அப்போது பிறக்கவில்லை, அவருடைய அம்மா சொல்லிக் கேட்டது இது. ஒற்றியூர் விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசில்லாமல் நைனா திண்ணையில் உட்கார்ந்திருந்தாராம். கொள்ளுப்பாட்டி அடுப்படியில் இருந்த நல்லெண்ணெயில் பாதியைத் தூக்கில் ஊற்றி, "ரசம் தாளிக்காம இருந்தா செத்தா போயிடுவோம், எடுத்துனு போ" என்று கையில் கொடுத்தாராம்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கலிய நாயனார்தான் நினைவுக்கு வருவார். இதே ஒற்றியூரில், சக்கரப்பாடித் தெருவில் பிறந்த எண்ணெய் வணிகர். கோயிலில் உள்ளும் புறமும் விளக்கேற்றி ஏற்றியே செல்வம் கரைந்தது. அப்புறம் அடுத்தவர் செக்கில் கூலிக்கு உழைத்து எண்ணெய் வாங்கினார். கூலி வேலையும் கிடைக்காமல் போனது. வீட்டை விற்றார், மனைவியையே விற்கத் துணிந்தார், வாங்க ஆளில்லை. கடைசியில் அகலில் தன் ரத்தத்தையே நிரப்பக் கழுத்தை அரிந்தபோது இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார். அறுபத்துமூவரில் கூலித் தொழிலாளியாக நின்றவர் அவர். நைனாவுக்கு இந்தக் கோயில் ஏன் அவ்வளவு ஒட்டியது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்தக் கார்த்திகையில் அம்மாவும் நானும் தேரடி மெட்ரோவில் இறங்கிப் போனோம். கோயிலுக்கு வெளியே வரை வரிசை. மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றோம். உள்ளே நுழையும் முன்பே தைல வாசனை வந்துவிட்டது. சன்னதியில் நிற்க விட்டது கொஞ்ச நேரம்தான். கவசம் இல்லை, அலங்காரம் இல்லை. மேடும் பள்ளமுமாகக் கருத்த புற்றுத் திருமேனி, தைலம் மினுமினுக்க. எதிரே அம்மா, "எங்க நைனா கும்பிட்ட சாமி, நல்லா இருக்கணும் எல்லாரும்" என்று சத்தமாகவே சொன்னார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு வடிவுடையம்மனைத் தரிசித்தோம், வட்டப்பாறையம்மனுக்கு எலுமிச்சை சாத்தினோம். சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மகிழ மரத்தைச் சுற்றி வந்தோம்.

1996-ல் மில்லை மூடிவிட்டார்கள். நைனா நடந்த பாதை இருக்கிறது: பேசின் பிரிட்ஜ், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை. ஆடி மாதம் கேட்டை நட்சத்திரத்தில் கலிய நாயனார் குருபூஜை வரும். அன்று பட்டாளத்திலிருந்து நடப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். பெரிய மாமாவின் பேரனும் வருகிறேன் என்றிருக்கிறான். எண்ணெய் வீட்டு அடுப்படியிலிருந்துதான் போக வேண்டும், கடையில் வாங்கக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.