தவளைகளைக் காதால் எண்ணுவது

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வாரம் ஒருநாள் எங்கள் ஊர்க் குளத்தங்கரையில்தான் நிற்பேன். இருட்டி அரைமணி நேரம் கழித்து, டார்ச்சை அணைத்துவிட்டு, ஆள் அரவத்தில் அடங்கிய தவளைக் குரல்கள் திரும்பும்வரை பொறுத்து, அப்புறம் 5 நிமிடம் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் மதிப்பெண் 0. தனித்தனியாக எண்ண முடிந்தால் 1, குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் பிரித்தறிய முடிந்தால் 2, விடாமல் ஒரே கச்சேரி என்றால் 3. வட அமெரிக்கத் தவளைக் கண்காணிப்பில் பயன்பட்ட அளவுகோல்தான் இது.

துணை தேடிக் கத்துவது பெரும்பாலும் ஆண் தவளைகள்தான், அதனால் தலைக்கணக்கு கிடைக்காது. ஆனால் ஒரே குளத்தை வருடாவருடம் ஒப்பிட இது போதும்! மரத்தவளை தண்ணீருக்கு மேலே கிளையில் வைக்கும் நுரைக்கூடுகளையும் பகலில் போய் எண்ணிக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்தது இந்தியன் புல்ஃபிராக் (Indian bullfrog) என்ற பெரிய தவளைதான், மழைக்கு ஆண்கள் பளீரென்று மஞ்சளாகி, தொண்டையில் இரண்டு நீலப்பைகளை ஊதிக்கொண்டு நிற்கும். கால் இறைச்சிக்காக அதைக் கணக்கில்லாமல் பிடித்தார்கள், 1987-ல்தான் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

யாராவது உங்கள் ஊரில் ஆரம்பித்தால் சொல்லுங்கள், சேர்ந்து செய்யலாம். சரி, ஒன்று மட்டும்: அடுத்த குளத்துக்குப் போகும்முன் செருப்புச் சேற்றை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள், தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றோடு பரவும்.