ரப்பர் பால்வெட்டுக்கு ஒரு நிவாரணக் கணக்கு: அரசுக்கு ஆலோசனை சொல்லும் பொருளியல் வேலை

தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல கொச்சியில்தான் மீனை இறக்குகின்றன. மீன்வரத்துக் கணக்கு இறங்குதளத்தை வைத்து எடுக்கப்படுகிறது. அதனால் அந்த மீன் கேரளக் கணக்கில் ஏறிவிடும். படகும் ஆளும் படகின் கடனும் குமரி மாவட்டத்தில் இருக்கும். இது தெரியாமல் 'குமரியில் மீன்பிடிப்பு சுருங்குகிறது' என்று அரசுக்கு ஒருவர் ஆலோசனைக் குறிப்பு எழுதினால், அந்த ஒரு வரியே நிதி ஒதுக்கீட்டைக் குறைக்கப் போதும்.

வளைகுடாப் பணத்துக்கும் இதே கதைதான். மாவட்ட உள்நாட்டு உற்பத்தி என்பது எல்லைக்குள் நடக்கும் உற்பத்தியை மட்டும் அளக்கிறது. துபாயில் சம்பாதித்து மார்த்தாண்டத்துக்கு அனுப்பும் பணம் அதில் வராது. அந்தப் பணத்தில் வீடு கட்டினால் கொத்தனார் வேலை வரும். ஆக, தனிநபர் வருமானத்தை மட்டும் பார்த்து ஊரை எடைபோடுபவரும் தவறுவார், மாடி வீடுகளை மட்டும் பார்த்து எடைபோடுபவரும் தவறுவார்.

கொள்கை ஆலோசனை என்றதும் பலர் நினைப்பது பெரிய கோட்பாடுகளை. என் கணிப்பில் பாதி வேலை வேறு: ஓர் எண்ணை யார், எங்கே, எந்த வரையறையில் எடுத்தார்கள் என்று துருவுவது. நெல் மகசூலை எடுத்துக்கொள்ளுங்கள். பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டு ஒன்றை அறுத்து எடைபோடுவார்கள். அது 25 சதுர மீட்டர். ஹெக்டேர் கணக்குக்கு 400-ஆல் பெருக்க வேண்டும். கயிறு சற்றே தளர்ந்து ஓரத்துக் கதிர்கள் உள்ளே வந்து ஒரு கிலோ கூடினால், ஹெக்டேருக்கு 400 கிலோ கூடிவிடும். ஈர நெல்லா, உலர்ந்த நெல்லா என்ற கேள்வி தனி. கன்னிப்பூப் பருவத்தில் தென்மேற்கு மழைக்குள் அறுத்த நெல்லும் கும்பப்பூப் பருவத்தில் வெயிலில் அறுத்த நெல்லும் ஒரே ஈரத்தில் இருக்காது.

இனி ஒரு பயிற்சிக் கணக்கு. தமிழ்நாட்டு ரப்பரில் மிகப் பெரும் பங்கு குமரியில்தான். இரண்டு பருவமழையும் இங்கே பெய்வதால் பால்வெட்டு அடிக்கடி நிற்கும்: பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, வெட்டிய பின் பெய்தால் சிரட்டைப் பால் தண்ணீரோடு போய்விடும். தொழிலாளிக்கு அன்று கூலி இல்லை. 'மழைக்கால நிவாரணமாக மாதம் 2,000 ரூபாய், இரண்டு மாதம் கொடுக்கலாமா?' என்று துறை கேட்கிறது. (கீழே உள்ள விலையும் கூலியும் கணக்குக்காக எடுத்தவை; உண்மை எண்ணைத் தோட்டத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.)

20,000 பேர் என்றால் ஆண்டுக்கு 8 கோடி. பயனாளிப் பட்டியல் 30 சதவீதம் வீங்கினால் 10.4 கோடி. வீங்குமா? வீங்கும். அரசு ரப்பர் கழகத் தொழிலாளிக்கு வருகைப் பதிவேடு உண்டு. சிறு தோட்டத்தில் இரண்டு மூன்று முதலாளிகளுக்கு வெட்டுபவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. யார் சான்று தருவார்கள் என்பதை முடிவு செய்யாமல் மொத்தத் தொகையை எழுதக் கூடாது.

மாற்று வழி ஒன்று இருக்கிறது: வெட்டுப் பட்டைக்கு மேல் பிளாஸ்டிக் மழைக்காப்பு ஒட்டுவது. ஒரு தொழிலாளி ஒன்றுவிட்டு ஒரு நாள் முறையில் 300 மரம் வீதம் இரண்டு பிளாக், ஆக 600 மரம் பார்க்கிறார். மரத்துக்கு 40 ரூபாய் என்றால் செலவு 24,000. கூடுதலாக 20 நாள் வெட்டு கிடைக்கிறது, நாளுக்கு 9 கிலோ ரப்பர் ஷீட், கிலோ 180 ரூபாய் என்று வையுங்கள்: 32,400 ரூபாய். நாளுக்கு 300 மரம், மரத்துக்கு 2 ரூபாய் வீதம் 20 நாள் கூலி 12,000. முதலாளி கையில் மிஞ்சுவது 20,400, காப்புச் செலவோ 24,000. அவருக்கு 3,600 நட்டம், அதனால்தான் ஒட்டுவதில்லை. கூலியையும் சேர்த்துப் பார்த்தால் ஊருக்கு 8,400 லாபம்.

அரசு மரத்துக்கு 6 ரூபாய் கொடுத்தால் முதலாளிக்கு ஈடாகிவிடும். ஆளுக்கு 4,000 நிவாரணத்துக்குப் பதில் 3,600 செலவு. தொழிலாளிக்கு 12,000 கூலி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரப்பர் 200 ரூபாய் விற்றால் மானியமே வேண்டாம், 150-க்கு இறங்கினால் மரத்துக்கு 15 ரூபாய் வேண்டும். விலையோடு மாறாத மானியம் ஒரு வருடம் வீணாகும், மறு வருடம் போதாது. தோட்டத்துச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் இந்தக் கணக்கைப் பார்க்க ஆளே இருக்காது. ரப்பர் வாரியம் மழைக்காப்புக்கு ஏற்கெனவே உதவி தந்திருப்பதால், ஒரே மரத்துக்கு இரண்டு மானியம் போகாமலும் பார்க்க வேண்டும். மழை நாளில் தொழிலாளி வேறு வேலைக்குப் போவாரானால் 12,000 முழுவதையும் லாபம் என்று எழுதுவதும் தவறு.

இவ்வளவையும் இரண்டு பக்கத்துக்குள் அடக்க வேண்டும். முதல் பத்தியில் பரிந்துரை, அடுத்ததில் தொகை, பிறகு எந்த அனுமானம் பொய்த்தால் தொகை எவ்வளவு மாறும். கோப்பு நிதித்துறைக்குப் போனதும் வரும் கேள்விகள் தெரிந்தவைதான்: ஒருமுறைச் செலவா, ஆண்டுதோறுமா? எந்தக் கணக்குத் தலைப்பு? இதற்கு முன் ஒதுக்கியது செலவானதா? கடைசிக் கேள்விக்குப் பட்ஜெட் புத்தகத்தில் வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். திருத்த மதிப்பீட்டையும், இரண்டு ஆண்டுக்கு முந்தைய உண்மைக் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 10 கோடி ஒதுக்கி 4 கோடி செலவான திட்டத்துக்கு மேலும் பணம் கேட்டால் கோப்பு திரும்பி வரும்.

இந்த வேலைக்குள் நுழைய நேரடி வாசல் இந்தியப் பொருளாதாரப் பணி. 1961-இல் அமைக்கப்பட்டது, தேர்வை மத்தியத் தேர்வாணையமான யுபிஎஸ்சி நடத்துகிறது. பொருளியலில் முதுகலை வேண்டும், வயது 21 முதல் 30 (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு). எழுத்துத் தேர்வுக்கு 1,000 மதிப்பெண்: பொது ஆங்கிலம் 100, பொது அறிவு 100, பொதுப் பொருளியல் மூன்று தாள், இந்தியப் பொருளியல் ஒரு தாள், தலா 200. நேர்முகத்துக்கு 200. எல்லாமே ஆங்கிலத்தில் விரித்து எழுதும் தாள்கள். இடங்கள் பெரும்பாலும் முப்பதுக்குள். நம் பிள்ளைகள் இடறுவது முதல் தாளின் கணிதத்திலும் மூன்று மணி நேர எழுத்து வேகத்திலும்.

மாநிலத்தில் 1971-இல் அமைந்த திட்டக் குழு சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கிறது. அங்கும் துறைகளிலும் ஒப்பந்த ஆலோசகர் வேலை கிடைக்கும்; ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடியும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. டிஎன்பிஎஸ்சி வழியாகப் புள்ளியியல் துறைக்குப் போகிறவர்களைச் சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். அது அறியாமை. எண் பிறக்கும் இடம் அதுதான்.

படிக்க, நாகர்கோவிலிலிருந்து கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டரில் திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம், சிடிஎஸ். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும் எம்ஐடிஎஸ் என்ற சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும். எங்கே சேர்ந்தாலும் கணிதமும், பொருளியல் தரவைப் புள்ளியியலால் அலசும் எகனாமெட்ரிக்ஸும், அதற்கான ஆர் அல்லது ஸ்டேட்டா மென்பொருளும் தவிர்க்க முடியாது.

முதுகலை படிக்கும்போதே ஒரு துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை எடுத்து, அதில் ஒரு திட்டத்தை மட்டும் நம் மாவட்டத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் நல்ல தொடக்கம். கிழக்குக் கரையான சின்னமுட்டம் பக்கத்துக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையான குளச்சல் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தேதி. மாவட்டத் தலைப்பில் ஒற்றை எண் எழுதுவதற்கு முன் பட்டியலைக் கரைவாரியாகப் பிரியுங்கள்.