ஒரே பாடத்துக்கு இரண்டு நோட்டு போட்டு நான் மாட்டிக்கொண்ட கதை

குடல் அழற்சி நோய்க்கு ஒரு நோட்டு, வளர்சிதை மாற்றத்துக்கு இன்னொரு நோட்டு. இப்படித்தான் படித்தேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), "கிரோன் நோயில் குடலைச் சுற்றிக் கொழுப்பு படர்கிறதே, அது அங்கே என்ன வேலை செய்கிறது?" என்று கேட்டார்கள். கிரோன் என்பது குடல் அழற்சி நோயில் ஒரு வகை. "சேமிப்புதான் சார்" என்றேன். தேர்வாளர் சிரிக்கக்கூட இல்லை, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மறுமுறை படிக்கும்போது ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: இந்தச் செல் எதைத் தின்று வேலை செய்கிறது? பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருள் பியூட்டிரேட். நார்ச்சத்தைப் புளிக்கவைத்துக் குடல் பாக்டீரியாக்கள் தருவது அது. அதை எரிக்க ஆக்ஸிஜன் செலவாவதால்தான் குடலுக்குள் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கிறது, ஆக்ஸிஜன் ஆகாத பாக்டீரியாக்களும் பிழைக்கின்றன. அந்த எரிப்பு தடுமாறினால் உள்ளே ஆக்ஸிஜன் கசியும், ஆக்ஸிஜனைத் தாங்கும் ஈ.கோலை வகையறாக்களுக்குக் கொண்டாட்டம். நோயெதிர்ப்புச் செல்களிலும் இதே கதைதான். சண்டைக்குக் கிளம்பும் மேக்ரோஃபேஜ் குளுக்கோஸை அவசர அவசரமாகக் கிளைகோலிசிஸில் (ஆக்ஸிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் விரைவு வழியில்) செலவழிக்கும். சண்டையை அடக்கும் டி-ரெக் செல் கொழுப்பு அமிலத்தை அதிகம் நம்பும். பியூட்டிரேட் இருந்தால் டி-ரெக் உருவாவதும் எளிது. இது பிடிபட்டதும் பாதிப் பாடத்தை மனப்பாடம் செய்யவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் கொழுப்பு. பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவில் அழற்சியைத் தூண்டும் புரதமான டிஎன்எஃப் ஆல்ஃபா அதிகம், அதைத் தடுத்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது என்று 1993-இல் காட்டினார்கள். அதே டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்துதான் 1998-இல் கிரோன் நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. என் இரண்டு நோட்டும் சேர்ந்த இடம் இது. குடலைச் சுற்றும் கொழுப்பைப் பற்றி எழுதும்போது மட்டும் ஒரு பக்கம் சாயாதீர்கள். கசிந்து வரும் பாக்டீரியாக்களுக்கு அது வேலி போடுகிறது. அதுவே குடல் தழும்பேறிச் சுருங்கவும் துணைபோகிறது. இரண்டையும் எழுதுங்கள்.

தேர்வில் மாட்டிவிடும் சில கண்ணிகள். உடல் பருமனுக்கும் கிரோன் நோய்க்கும் காட்டப்பட்ட தொடர்பு, குடல் அழற்சி நோயின் இன்னொரு வகையான அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அவ்வளவு தெளிவாக இல்லை. இரண்டையும் ஒரே வரியில் அடைக்க வேண்டாம். எடையை மட்டும் பார்க்காமல் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பைச் சொல்லுங்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி பருமனாலேயே கொஞ்சம் ஏறும், அதனால் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பார்ப்பதைச் சேர்த்து எழுதினால் நல்லது. ஸ்டீராய்டு எடுப்பவருக்குச் சர்க்கரை ஏறினால், அது மருந்தின் வேலையாக இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாம் வைவாவில் கொழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடல் அழற்சி நோயாளிக்கு எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அதிகம், ஆனால் தினசரிச் சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது, ஏன் என்றார்கள். இரும்புச்சத்துக் குறைவு ரத்தசோகையில் எச்பிஏ1சி பொய்யாக ஏறிக் காட்டும் என்றேன். இந்த முறை தேர்வாளர் ஆமோதித்துத் தலையை ஆட்டினார்.