எட்டால் வகுத்துப் பாருங்கள்

ரயிலில் சைடு அப்பர், அதாவது நடைபாதையோரம் இருக்கும் மேல் படுக்கை, கிடைத்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். அந்தப் பலகையை மாட்டின கைகளில் என் கையும் ஒன்று என்பதால் இருக்கலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஃபர்னிஷிங் பக்கம், அதாவது பெட்டிக்கு உள்ளே பலகை, சீட்டு மாட்டும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். 1955-இல் நேரு வந்து திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் ஐ.சி.எஃப்., இல்லாவிட்டால் லோகோ, இல்லாவிட்டால் கேரேஜ் ஒர்க்ஷாப் என்று ரயில்வே ஆளாக இருந்த காலம் உண்டு.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. "பெரியப்பா, ஏசி எல்லாம் ஃபுல்லு. ஸ்லீப்பர்தான் கிடைச்சுது. ராத்திரி தூக்கம் வருமா?" என்று வந்து நின்றாள்.

"பெர்த் நம்பர் இன்னாம்மா?" என்றேன்.

முக்கால்வாசி பதில் அந்த நம்பரிலேயே இருக்கிறது. அதை எட்டால் வகுக்க வேண்டும். மீதி 1 அல்லது 4 வந்தால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 வந்தால் சைடு லோயர். மீதியே இல்லாவிட்டால் சைடு அப்பர். பழைய மாடல் ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கை, இப்போது வரும் எல்.எச்.பி. பெட்டியில் 80. இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்.

அவளுக்கு விழுந்தது 38. அப்பர், அதுவும் பெட்டியின் நடுப்பகுதி. இதைவிட நல்ல இடம் நான் கேட்டு வாங்கிக் கொடுத்தாலும் கிடைக்காது. சக்கரங்கள் இருப்பது பெட்டியின் இரண்டு கோடியிலும். கக்கூஸும் கதவும் அங்கேதான். முதல் எட்டு, கடைசி எட்டில் படுத்தால் அடியில் சக்கரத்தின் தடதடப்பு, தலைமாட்டில் ராத்திரி முழுக்கக் கதவு அடிக்கும் சத்தம். நடுவில் இரண்டுமே குறைவு. அப்பர் என்பதால் ஏறிப் படுத்துவிட்டால் யாரும் எழுப்ப மாட்டார்கள். ஒரே குறை, சித்திரை வைகாசியில் கூரைச் சூடு இறங்க நேரமாகும்.

மிடில் என்றால் பத்து மணிக்கு மேல்தான் பலகையைத் தூக்கலாம், காலை ஆறுக்கு இறக்கிவிட வேண்டும். சட்டம் அது. நடப்பது என்னவோ கீழே உட்கார்ந்திருப்பவரின் மனசைப் பொறுத்தது. தூக்கி மாட்டியதும் கொக்கி முழுசாக உட்கார்ந்ததா என்று ஒரு தடவை கையால் அழுத்தி, இழுத்துப் பாருங்கள். மாட்டினவன் சொல்கிறேன், இதில் சோம்பல் வேண்டாம்.

சைடு லோயரில் இரண்டு சீட்டின் சாய்மானத்தை மடக்கினால்தான் படுக்கை. சேரும் இடம் முதுகுக்கு நடுவில் உறுத்தும், போர்வையை மடித்துப் போடலாம். ஆர்.ஏ.சி., அதாவது முழுப் படுக்கை உறுதியாகாத டிக்கெட் என்றால் இதே பலகையில் இரண்டு பேர் விடிய விடிய உட்கார வேண்டியதுதான். சைடு அப்பரின் கதை வேறு. சைடு அல்லாத பலகைகளில் கால் நீளமாக இருந்தால் நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொள்ளலாம். இதில் இரண்டு பக்கமும் தடுப்பு. உயரமானவர்கள் இறால் மாதிரி சுருண்டுதான் கிடக்க வேண்டும்.

ஏறினதும் யாராவது வந்து, "பாப்பா, அம்மாவுக்கு மேல ஏற முடியாது, கொஞ்சம் மாத்திக்கிறியா?" என்பார்கள். வயசானவர்களுக்கு லோயரைக் கொடுப்பது நியாயம்தான். ஆனால் பதிலுக்கு அவர்கள் நீட்டும் நம்பரை மனசுக்குள் எட்டால் வகுத்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

எல்.எச்.பி. பெட்டியில் புறப்படும்போதும் நிற்கும்போதும் ஒரு உதறல் வரும். ஒன்றும் ஆகிவிடவில்லை, பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கப்ளிங் வேறு வகை, அவ்வளவுதான். பழைய பெட்டி இப்படி உதறாது என்று எங்கள் ஆட்கள் இன்னும் டீக்கடையில் சண்டை போடுவார்கள். ஆனால் தடம் புரண்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் காப்பதும் அதே கப்ளிங்தான். 2018-இல் பழைய மாடல் செய்வதையே ஐ.சி.எஃப். நிறுத்திவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

ஸ்லீப்பரில் டிக்கெட்டோடு சேர்த்துப் போர்வை, தலையணை தரமாட்டார்கள். காட்பாடி தாண்டினால் ஜன்னல் காற்று சில்லென்று அடிக்கும், ஒரு போர்வை கட்டாயம். செருப்பைக் கீழே விட்டால் விடியும்போது அடுத்த பகுதியில் தேட வேண்டும். லோயர் பலகைக்கு அடியில் கம்பி வளையம் இருக்கும், பெட்டியை அதில் சங்கிலி போட்டுப் பூட்டலாம். ஏதாவது தொந்தரவு என்றால் ரயில்வே உதவி எண் 139.

ஆவடி வருவதற்குள் பொட்டலங்கள் பிரிய ஆரம்பிக்கும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி உத்தமம். வியாசர்பாடியிலிருந்து அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைக் கட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். எனக்கு உயிர்தான், ஆனால் அந்தப் பூண்டு வாசனைக்குப் பக்கத்தில் இருக்கும் ஏழு பேரும் உங்களையே முறைப்பார்கள். சேலத்தில் நடுராத்திரி ஏறுகிறவர்கள் எல்லா லைட்டையும் போட்டு நம்பர் தேடுவார்கள். கண்ணுக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளலாம். கோயம்புத்தூரே கடைசி ஸ்டேஷன் என்றால் கவலை இல்லை. திருப்பூரில் இறங்குகிறவர்கள் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது டிக்கெட் சென்ட்ரல் வரை இருந்தாலும், அந்த ரயில் பெரம்பூரில் நிற்குமா என்று பாருங்கள். நிற்கும் என்றால் அங்கேயே இறங்குங்கள். சென்ட்ரலில் பிளாட்பாரம் காலி இல்லாவிட்டால் ரயிலை பேசின் பிரிட்ஜில் நிறுத்திப் போட்டுவிடுவார்கள். எல்லோரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் நிற்பார்கள். ஜன்னலோரம் போனை நீட்டிப் பேசாதே, பறித்துவிடுவார்கள் என்றும் சொல்வார்கள். எங்கள் ஏரியா பேர் வந்தாலே சொல்வதுதான். இருந்தாலும் போனை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், எந்த ஊர் சிக்னலாக இருந்தாலும்.