மெஷின் வாங்கும் முன் மேக்கர்ஸ்பேஸ் பக்கம் போய் வாருங்கள்

புது நாட்டில் குடியேறிய கொஞ்ச நாளிலேயே தையல் மெஷினுக்குத் தேவை வந்துவிடும். பேன்ட் கால் நீளமாக இருக்கும், வாடகை வீட்டு ஜன்னலுக்கு ரெடிமேட் திரைச்சீலை சேராது. வெளியே கொடுத்தால் சில சமயம் துணி விலையைக் கூலி தாண்டிவிடும். அதற்காக உடனே மெஷின் வாங்க ஓட வேண்டாம். பல ஊர்களில் மேக்கர்ஸ்பேஸ் என்று பொதுப் பட்டறைகள் இருக்கின்றன. சில இடங்களில் அது நூலகத்துக்குள்ளேயே இருக்கும். மரவேலை, முப்பரிமாண அச்சு என்று இருக்கும் அந்த இடத்தில் தையலுக்கும் ஒரு மூலை உண்டு. தொடக்கநிலை வகுப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரம்தான். அதை முடித்தவர்களைத்தான் மெஷினில் தனியாக உட்கார விடுவார்கள் என்பது பல இடங்களில் விதி. நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்களும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்துதான் ஆக வேண்டும்.

காலால் மிதிக்கும் மெஷினில் பழகியவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். ஒன்று பெடல். பழைய பழக்கத்தில் காலை ஆட்டினால் மெஷின் விட்டுவிட்டுப் பாயும். குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தால் மெல்ல அழுத்தி, அந்த அழுத்தத்தை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றது ஊசி. பழைய மெஷின்கள் பலவற்றில் நூலைப் பக்கவாட்டில் கோர்ப்போம். இன்றைய வீட்டு மெஷின்களில் முன்னாலிருந்து பின்னால் கோர்க்க வேண்டும். ஊசித் தண்டின் தட்டையான பக்கம் பின்னால் பார்த்திருக்கட்டும். ஊசியை முட்டும்வரை மேலே தள்ளிய பிறகுதான் திருகை இறுக்க வேண்டும். கொஞ்சம் இறங்கி நின்றாலும் அடியில் சுழலும் கொக்கி நூலைப் பிடிக்காது, தையல் விட்டுவிட்டு விழும்.

வகுப்பில் அடிக்கடி கேட்கும் புலம்பல், துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு மாதிரிச் சுருண்டுவிட்டது என்பது. சிக்கு அடியில் இருப்பதால் எல்லோரும் பாபினை (அடிநூல் சுற்றிய சிறு உருளை) நோண்டுவார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் மேல்நூலில்தான். மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் உட்காராவிட்டால் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. பாபினைச் சுற்றிவரக் கொக்கி இழுத்த நூல் திரும்ப மேலே ஏறாமல் அங்கேயே குவிகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் துணியை அழுத்தும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோர்த்ததுதான். பாதம் இறங்கியிருந்தால் தட்டுகள் மூடிக்கொள்ளும், நூல் அவற்றின் மேலேயே வழுக்கிப் போய்விடும்.

அதனால் முதலில் பாதத்தைத் தூக்குங்கள். கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகவே சுற்றி (எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும்), முன்பக்கம் மேலும் கீழும் ஆடும் நூல் நெம்புகோலை உச்சிக்குக் கொண்டுவந்து, மெஷின் உடம்பில் போட்டிருக்கும் அம்புக்குறி வரிசைப்படி கோர்த்து வாருங்கள். கோர்த்த பிறகு ஒரு சோதனை. பாதம் மேலே இருக்கும்போது ஊசி முனையருகே நூலை இழுத்தால் லேசாக ஓடி வர வேண்டும். பாதத்தை இறக்கிவிட்டு இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும், ஊசியே சற்று வளையும். இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி ஓடி வந்தால் நூல் தட்டுக்குள் இல்லை, முழுதாக உருவிவிட்டு மறுபடி கோர்க்க வேண்டும். டென்ஷன் திருகைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அது எண் 4-ஐ ஒட்டி நிற்பது பெரும்பாலான துணிக்குச் சரியாக இருக்கும்.

மேலிருந்து பாபின் போடும் மெஷினில், தொங்கும் நூல் இடப்பக்கம் விழும்படி பாபினைக் கையில் பிடித்து அப்படியே இறக்கினால் திசை பெரும்பாலும் சரியாக இருக்கும். நூலைப் பாபின் கேஸில் (பாபின் உட்காரும் கூடு) இருக்கும் சிறு வெட்டுக்குள் செலுத்த மறக்கக் கூடாது. தைக்கத் தொடங்கும்போது மேல்நூல், அடிநூல் இரண்டையும் 10 செ.மீ. பின்னால் விட்டு, முதல் நாலைந்து தையலுக்கு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேசுவது புது மொழியாக இருந்து, சொல்லித்தருபவர் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனால் தயங்க வேண்டாம். ஒருமுறை நூல் கோர்த்துக் காட்டச் சொல்லுங்கள், அனுமதி கேட்டு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு நூலை உருவிவிட்டு, பார்க்காமல் வரும்வரை நீங்களே திரும்பத் திரும்பக் கோர்த்துப் பாருங்கள். துணிக்கென்று வைத்திருக்கும் கத்தரியால் காகிதம் வெட்டாதீர்கள். அந்த அறையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

முதல் வேலையாக வழக்கமாகத் துணிப்பை தருவார்கள். நல்ல தேர்வுதான், நேர்த்தையலும் மடிப்பும் தடிமனும் அதில் வந்துவிடுகின்றன. துணியைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுபோங்கள், பருத்தி சுருங்கும். உடல் துண்டு 40 × 45 செ.மீ. இரண்டு, கைப்பிடிக்கு 60 × 10 செ.மீ. இரண்டு. ஓரத்தில் 1 செ.மீ. விட்டு, தையல் நீளம் 2.5 மி.மீ. வைத்து மூன்று பக்கமும் அடித்து, தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நான்கு தையல் ரிவர்ஸ் போடுங்கள். மேல்விளிம்பை 1 செ.மீ., அப்புறம் 3 செ.மீ. மடித்து அடித்தால் பை 38 × 40 செ.மீ. வரும். கைப்பிடித் துண்டின் இரு ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் 2.5 செ.மீ. பட்டை.

கைப்பிடியைப் பையோடு சேர்க்கும் இடத்தில்தான் ஊசி உடைகிறது. பட்டையில் நாலு மடிப்பு, அடியில் பையின் மடிப்பு, ஆக ஆறேழு அடுக்கு. அங்கே பெடலை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தால் நகருங்கள். மேட்டில் ஏறும்போது பாதத்தின் மூக்கு தூக்கிக்கொண்டு, துணி நகராமல் தையல் பொடிப்பொடியாக விழும். அதே உயரத்துக்கு ஒரு துண்டுத் துணியை மடித்துப் பாதத்தின் பின்பகுதிக்கு அடியில் கொடுத்தால் பாதம் சமமாகி, துணி நகரத் தொடங்கும்.

ஊசி எண்ணில் 80 என்றால் தண்டு 0.8 மி.மீ., சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது அதே அளவின் அமெரிக்க எண். சாதாரணப் பருத்திக்கு 80/12, கெட்டித் திரைச்சீலைக்கும் பைத் துணிக்கும் 90/14, ஜீன்ஸுக்கு 100/16. டி-ஷர்ட் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும், இல்லாவிட்டால் தையல் விடும். மெல்லிய பட்டு ரவிக்கையைப் பிரித்துத் தைக்க 60 அல்லது 70. குளிர்கோட்டு ஜிப் மாற்றுவதை மட்டும் முதல் மாதத்தில் தொடாதீர்கள், மெஷின் தெரிந்தவர்களுக்கே அது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

பழகிய பிறகு பழைய மெஷின் வாங்கப் போனால் ஊசியும் நூலும் இரண்டு வகைத் துணியும் கையோடு இருக்கட்டும், விற்பவர் முன்னாலேயே தைத்துப் பாருங்கள். பெடல் வயர், பாபின் கேஸ் இருக்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம். பாபின் வகைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், உயரத்தில் கொஞ்சம் மாறினாலும் அடியில் உரசும். மெஷினை வேறு நாட்டிலிருந்து கொண்டுவருவதானால் பின்பக்கத் தகட்டில் வோல்டேஜ் பாருங்கள். 110–120 வோல்ட் மெஷினை 220–240 வோல்ட் இணைப்பில் செருகினால் மோட்டார் கருகிவிடும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது.