ஹெல்சிங்கியில் இருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

நேர்கோட்டில் சுமார் 7,800 கிலோமீட்டர், அது மாறவே இல்லை. ஆனால் 2022 வரை ஒன்பதரை மணி நேரத்தில் போய் இறங்கிய விமானம் இப்போது ஏறக்குறைய 13 மணி நேரம் பறக்கிறது. உக்ரைன் போர் வந்ததும் ஐரோப்பா தன் வான்வெளியை ரஷ்யாவுக்கு மூட, பதிலுக்கு ரஷ்யாவும் மூடிவிட்டது, அப்புறம் எங்கே சைபீரியாவுக்கு மேலே போவது? அதனால் ஃபின்லாந்து நிறுவனமான ஃபின்ஏரின் விமானம் வட துருவத்தைத் தாண்டி அலாஸ்கா பக்கமாகச் சுற்றி வரும், இல்லையென்றால் தெற்கே மத்திய ஆசியா வழியாக.

துருவ வழியில் போகிறவர்களுக்கு ஒரு சான்றிதழும் ஸ்டிக்கரும் வேறு கொடுத்தார்கள்! மூன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார வைத்துவிட்டு கையில் ஒரு காகிதம். சரி, முதுகு ஒத்துழைத்தால் அதற்காகவே டிக்கெட் போடலாம் போலத்தான் இருக்கிறது. சீன விமானங்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, ரஷ்யா மேலேயே ஜம்மென்று பறக்கின்றன.