காதில் ஒரு கிடா

காது மிஷினுக்கு மோல்டு செய்வது என் வேலை. வேலூரில் பதினாறு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மிஷினிலிருந்து வரும் சத்தம் வெளியே கசியாமல் நேராகக் காதுக்குள் போகவேண்டும். அதற்காக அவரவர் காதின் அளவுக்கே வார்த்துச் செய்யும் அடைப்புதான் மோல்டு. அளவு கொஞ்சம் தவறினாலும் மிஷின் 'கீ' என்று விசிலடிக்கும். அண்ணன் மோல்டு தம்பிக்கு வராது. ஒரே ஆளின் இடது காது மோல்டு வலது காதுக்கே வராது.

ஆர்டர் பாரத்தில் ஒரு காதுப் படம் இருக்கும். எங்கே இறுக்கம், எங்கே தேய்க்க வேண்டும் என்று அதில் குறிக்க வேண்டும். ஹெலிக்ஸ், கான்கா, டிரேகஸ் என்று பேர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மனப்பாடம் செய்தது. என்ன அர்த்தம் என்று நான் கேட்டதுமில்லை, யாரும் சொன்னதுமில்லை.

இதில் டிரேகஸ் என்பது காதுத் துளையின் வாசலில், கன்னத்துப் பக்கமிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற சின்ன மேடு. பட்டாசு வெடிக்கும்போது விரலால் அழுத்தி அடைத்துக்கொள்கிறோமே, அதேதான். டாக்டர் அதை லேசாக அழுத்திப் பார்ப்பார். நோயாளி முகம் சுளித்தால் வெளிக்காதுக் குழாயில் சீழோ புண்ணோ இருக்கலாம் என்று அர்த்தம். சொட்டு மருந்து விட்டபின் அதை நாலைந்து முறை அமுக்கிவிட்டால் மருந்து உள்ளே இறங்கும். வங்காளத்திலிருந்து வருகிறவர்களிடம் அந்த மேட்டைத் தொட்டு 'பேத்தா?' என்று கேட்பேன். வலிக்கிறதா என்று பொருள். வேலூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த அளவு வங்காளம் தானாக வந்துவிடும்.

இத்தனைக்கும் உதவுகிற அந்த மேட்டுக்கு நம் வீட்டுத் தமிழில் ஒரு பேர் நான் கேட்டதில்லை. மடல் இருக்கிறது, சோணை இருக்கிறது. நகைக்கோ கேட்கவே வேண்டாம், தோடு, ஜிமிக்கி, மாட்டல், கொப்பு என்று காது முழுக்கப் பேர். இப்போது பெண்பிள்ளைகள் அந்த மேட்டிலும் குத்திக்கொள்கிறார்கள். 'இங்க' என்று விரலை வைத்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

நாலு வருஷத்துக்கு முன், பேர்ணாம்பட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் தோல் தொழிற்சாலையில், ஆட்டுத்தோலில் வேலை. மெஷின் இரைச்சலில் காது போய்விட்டது. மாவட்டம் கேட்டால் 'வடாற்காடு' என்றார். அந்த மாவட்டம் 1989-லேயே இரண்டாகி, 2019-ல் வேலூர் மறுபடி மூன்றாகிவிட்டது என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. சித்திரை கழிவதற்குள் மிஷின் வேண்டும் என்று ஒரே அவசரம். ஊரில் திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்த விழா, ராத்திரியெல்லாம் பாரதக் கூத்து. போன வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்தும் வசனம் ஒன்றும் விளங்கவில்லையாம். ஆட்டம் மட்டும் பார்த்துவிட்டு வந்தேன் என்றார்.

அச்சு எடுப்பது பெரிய வித்தை இல்லை. லைட் அடித்து உள்ளே பார்த்து, நூல் கட்டிய பஞ்சு உருண்டையை ஆழத்தில் வைத்துவிட்டு, இரண்டு பசையைக் கையில் பிசைந்து, சிரிஞ்சால் காது நிறையும்வரை செலுத்த வேண்டும். சில நிமிஷத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். முடி அதிகம் இருக்கிற காதானால் முதலில் ஜெல்லி தடவ வேண்டும். பெரியவர் காதில் முடி என்றால் சாதாரண முடி இல்லை. டிரேகஸின் உள்பக்கத்திலிருந்து வெள்ளை வெளேரென்று கற்றையாக வெளியே எட்டிப் பார்த்தது. அன்றைக்குச் சரியான கூட்டம், மதியச் சாப்பாட்டு நேரம் வேறு. ஜெல்லி தடவவில்லை. மறந்தேன் என்று சொல்லலாம், ஆனால் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அச்சை இழுத்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிங்க் நிற அச்சில் ஐந்தாறு வெள்ளை முடிகள் பிரஷ் மாதிரி குத்திட்டு நின்றன.

"இன்னா தம்பி, செத்த ஆட்டுத் தோல்ல முடி எடுக்கவே சுண்ணாம்புல ஊறப்போட்டு, தளர்ந்த அப்புறந்தான் எடுப்போம். நீ உசுரோட இருக்கிறவன்கிட்ட வறக்குன்னு உரிக்கிறியே!"

மன்னிப்புக் கேட்டேன். காதில் விழவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

சாப்பிடும்போது டாக்டரிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அவர் தெரிஞ்சு சொன்னாரோ தெரியாம சொன்னாரோ, அந்த மேட்டுக்குப் பேரே ஆடுதான்" என்றார்.

விளையாட்டு இல்லை. கிரேக்க மொழியில் டிராகோஸ் என்றால் வெள்ளாட்டுக் கிடா. வயதான ஆண்களுக்கு அந்த இடத்தில் வளரும் முடிக்கற்றை கிடாவின் தாடி மாதிரி இருக்கிறது என்று அந்தப் பேரை வைத்திருக்கிறார்கள். அந்த முடிக்கு லத்தீனில் தனியாகவே ஒரு பேர், பார்புலா ஹிர்சி. கிடாவின் குறுந்தாடி. ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு என்று அண்ணா கேட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காதுக்கும் ஒரு ஆட்டுத்தாடி இருப்பது தெரியாமல் போய்விட்டது. இதில் வேடிக்கை, பெண்களுக்கு அங்கே அப்படி முடி வளர்வது அபூர்வம். கிழவர்களை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் பேர் வைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம், சோணைக்கு மேலே இருக்கிற மேட்டுக்கு ஆன்டிடிரேகஸ் என்று பேர். அதற்குத் தாடியும் கிடையாது ஒன்றும் கிடையாது. எதிரில் நிற்கிற பாவத்துக்கு எதிர்க்கிடா. அதைக் கேட்டபிறகு, நடுவில் பள்ளம் விட்டு முட்டத் தயாராக நிற்கிற இரண்டு கிடாக்களாகத்தான் எனக்குக் காது தெரிகிறது.

அப்புறம் மற்ற பேர்களையும் தோண்ட ஆரம்பித்தேன். உள்காதில் இரண்டரைச் சுற்று சுற்றிக் கிடக்கும் காக்ளியா, நத்தை. நடுக்காதில் மூன்று எலும்புகள், சுத்தி, பட்டடை, அங்கவடி. மூன்றும் நம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கின்றன. அங்கவடி என்றால் குதிரை ஏறுகிறவர் கால் வைக்கிற வளையம். நவாபு காலத்து ஆற்காட்டில் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும், இன்றைக்கு எந்தப் பையனுக்குத் தெரியும்? லத்தீன்காரர்கள் கதையும் இதே மாதிரிதான். பழைய ரோமானியர்களிடம் அங்கவடியே கிடையாது, அதனால் அதற்குச் சொல்லும் கிடையாது. அங்கவடி எலும்பின் லத்தீன் பேரான ஸ்டேபிஸ், பின்னால் உண்டாக்கிய சொல். 1546 வாக்கில் நேப்பிள்ஸில் இங்க்ராசியா என்ற மருத்துவர் அந்த மூன்று மில்லிமீட்டர் எலும்பைக் கண்டு சொன்னதாகச் சொல்வார்கள். அரிசியைவிடச் சின்ன எலும்பில் குதிரை அங்கவடியைப் பார்த்த கண்ணை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கிடா இன்னோர் இடத்திலும் வந்து நின்றது. டிராஜடி என்கிறோமே, அதுவும் அதே டிராகோஸ்தான். ஆட்டுப் பாட்டு என்று பொருள். நாடகப் போட்டிக்குக் கிடா பரிசு என்கிறார்கள், கிடா பலி என்கிறார்கள், ஆட்டு வேஷம் கட்டிப் பாடினார்கள் என்றும் சொல்கிறார்கள். அறிஞர்களுக்குள் முடிவில்லை. மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடத்துகிற எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு, திருவிழாவும் சாவும் கிடாவும் ஒரே இடத்தில் சேர்வதில் என்ன அதிசயம்?

பத்து நாளில் மோல்டு வந்தது. இந்த முறை முதலில் ஜெல்லி. பெரியவர் பாட்டிலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். மோல்டை மாட்டி மிஷினை ஆன் செய்ததும் மேலே மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். சாதாரணக் குரலிலேயே சொன்னேன்.

"ஐயா, இந்த மேட்டுக்கு கிரேக்க நாட்டுக்காரங்க ஆடுன்னு பேர் வெச்சிருக்காங்க. அந்த முடி தாடி மாதிரி இருக்காம்."

விரலால் அந்தக் கற்றையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"வெள்ளாடா, செம்மறியா?"

"வெள்ளாட்டுக் கிடா."

"அப்போ சரி. செம்மறிக்கு ஏது தாடி" என்றார்.